காந்தளும் மேந்தோன்னியும்



கொச்சித் துறைமுகத்தை அடுத்த மட்டாஞ்சேரியில் நாம் குடியேறி ஆண்டுகள் பல ஆகின்றன. சுக்கும் மிளகும் மணக்கும் கடைத்தெருக்கள். கொங்கணியர், குசராத்தியர், மலையாளிகள், தமிழர் என்று பல மொழியினர் சுவரோடு சுவராக வாழும் சந்துகள். டச்சு அரண்மனை, யூதர் தெரு, பழம் பண்டகசாலைகள். இவற்றின் நடுவே மைய அரசின் மொழிபெயர்ப்புப் பணியில் நம் காலம் கழிகின்றது. ஒரு மொழியின் சொல்லுக்கு மற்றொரு மொழியில் நேரான சொல் காண்பதே நம் தொழில். அத்தொழிலில் ஓரளவு தேர்ச்சியுண்டு என்று நாம் எண்ணியிருந்த காலத்தில், அவ்வெண்ணத்தை அசைத்துப் பார்த்தது ஒரு செடி. அச்செடியைப் பற்றியே இன்று பேசப் போகின்றோம்.

ஓணத்திற்கு முந்திய நாள்களில் ஒரு மாலைப் பொழுது. எங்கள் வீட்டுக்குப் பின்னே இடிந்து கிடக்கும் பண்டகசாலை ஒன்றின் வேலியில் குழந்தைகள் பூப்பறித்துக் கொண்டிருந்தனர். வாசலில் பூக்களம் இடுவதற்குப் பூத் தேடுவது அப்பருவத்தில் இங்கு எல்லாக் குழந்தைகளுக்கும் வழக்கம். எம் இளைய மகள் ஒரு கொடியைப் பற்றி இழுக்க, ஈரமண் இடங்கொடுத்துக் கிழங்கோடு வந்துவிட்டது. சிவப்பும் மஞ்சளுமான பூக்கள் ஒரு கையில். விரற்பருமனில் இரண்டாகக் கவைத்த கிழங்கு மறுகையில். “அப்பா, இது வள்ளிக்கிழங்கா? சுட்டுத் தின்னலாமா?” என்று கேட்டாள். பூவைப் பார்த்தோம், அழகிது என்று மகிழ்ந்தோம். கிழங்கைப் பார்த்தோம், ஒன்றும் தோன்றவில்லை. “அம்மாவிடம் கேள்” என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளுக்குள் தலையை நுழைத்துக் கொண்டோம்.

பக்கத்து வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் அவளுடைய கையைக் கண்டதும் அலறினார். ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து மகனோடு இங்கு வந்து சேர்ந்தவர் அவர். “ஆத்தாடி! கண்வலிக் கெழங்கு அது! கீழே போடு கண்ணு, கையைக் கழுவு!” என்றார். குழந்தைகளின் கைகளை ஒவ்வொன்றாகத் தாமே சோப்பிட்டுக் கழுவிவிட்டார். எவர் வாயிலும் ஒரு துணுக்கும் போகவில்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பின்னரே எம் பக்கம் திரும்பி, “படிச்சவுக நீங்க, இது தெரியலையா தம்பி?” என்றார்.

நேயர்களே, அக்கேள்விக்கு எம்மிடம் விடையில்லை. ஏனெனில் அச்செடி எமக்குத் தெரியாத செடியன்று. அதன் பெயரைத் தமிழிலும் மலையாளத்திலும் வடமொழியிலும் லத்தீனிலும் நாம் அறிவோம். மாநிலங்களின் மலர்களைப் பற்றிய சிறு குறிப்பு ஒன்றில் அதன் பெயரை எம் கையாலேயே எழுதியிருக்கின்றோம். தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளே அது. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டின் நீண்ட மலர்ப் பட்டியலில் முதலாவதாக நிற்பதும் காந்தள். குறுந்தொகையின் முதற்பாட்டில் இடம்பெறுவதும் காந்தள். பெண்களின் விரலுக்கு அதன் இதழை உவமையாக்காத பழம்புலவர் அரியர். கல்லூரியில் இவற்றையெல்லாம் படித்துத் தேர்வும் எழுதினோம். ஆனால், எம் மகளின் கையிலிருந்த கிழங்கு காந்தளின் கிழங்கு என்பது எமக்குத் தெரியவில்லை. நாம் அறிந்தது பெயரை. அம்மூதாட்டியார் அறிந்தது செடியை.

அச்செடியை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டால் பிறகு மறப்பது அரிது. கோடையில் மண்ணுக்குள் கிழங்காக உறங்கும். மழை விழுந்ததும் மெல்லிய தண்டாக எழும். இலையின் நுனி நீண்டு சுருண்டு, பற்றுக்கம்பியாக மாறி, பக்கத்துச் செடியையோ வேலியையோ பற்றிக்கொண்டு ஏறும். பூவுக்கு ஆறு இதழ்கள். விளிம்பு அலையலையாக நெளிந்திருக்கும். மொட்டில் பச்சையாகவும், மலர்கையில் அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாகவும், முதிர்கையில் முழுச்சிவப்பாகவும் நிறம் மாறும். இதழ்கள் மேல்நோக்கி வளைந்து நிற்பதால், காற்றில் அசையும்போது சிறு தீக்கொழுந்து ஆடுவது போலத் தோன்றும். மண்ணுக்குள்ளிருக்கும் கிழங்கு இரண்டு கவையாகப் பிரிந்து ஏர்க்கலப்பையைப் போல வளைந்திருக்கும்.

இப்போது இதன் பெயர்களைப் பார்ப்போம். கிழங்கின் வடிவம் கண்டு தமிழ் உழவன் ‘கலப்பைக் கிழங்கு’ என்றான். வடமொழி மருத்துவர் ‘லாங்கலி’ என்றனர். லாங்கலம் என்றாலும் கலப்பையே. பூவின் நிறம் கண்டு ‘அக்கினிசிகை’ என்றனர். தீயின் கொழுந்து என்பது பொருள். பூக்கும் பருவம் கண்டு ‘கார்த்திகைப் பூ’ என்றனர் தமிழர். இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லும் பெயர்கள். வேறு இரண்டு பெயர்களோ எச்சரிக்கை செய்பவை. ஒன்று ‘கர்ப்பபாதினி’; கருவை வீழ்த்துவது என்று பொருள்படும் வடமொழிப் பெயர். மற்றொன்று மூதாட்டியார் சொன்ன ‘கண்வலி’. இப்பூவை உற்றுப் பார்த்தால் கண் நோகும் என்பது நாட்டுப்புறத்தார் நம்பிக்கை. பார்ப்பதால் கண் நோகுமென்பதற்கு அறிவியலில் ஆதாரமில்லை. எனினும் அப்பெயர் செய்த வேலை சிறிதன்று. இவ்வளவு அழகிய பூவின் அருகே குழந்தைகளை அண்டவிடாமல் தலைமுறை தலைமுறையாகத் தடுத்து நிறுத்தியது அந்த ஒரு சொல்லே.

மலையாளத்தில் இதற்கு ‘மேந்தோன்னி’ என்று பெயர். மலையாளச் சொல் என்று எண்ணி ஒதுக்கிவிட வேண்டா. தமிழின் ‘ஒன்று’ மலையாளத்தில் ‘ஒன்னு’ என ஒலிக்கின்றது. ‘கன்று’ ‘கன்னு’ ஆகின்றது. அவ்வாறே ‘மேந்தோன்றி’ என்பது ‘மேந்தோன்னி’ ஆயிற்று. மேந்தோன்றி என்ற சொல் நம் அகராதியிலும் உண்டு. செங்காந்தளுக்குத் ‘தோன்றி’ என்றொரு பழம்பெயர் இருப்பதையும் இலக்கியம் பயின்றோர் அறிவர். மழை விழுந்ததும் மண்ணுக்கு மேலே தோன்றுவது என்று அதற்குப் பொருள்கொள்ள இடமுண்டு. ஆக, தமிழ்நாட்டில் நாம் ஏட்டில் வைத்துவிட்ட ஒரு சொல்லை, மட்டாஞ்சேரியில் வேலியோரத்துச் சிறுவர்கள் நாள்தோறும் வழங்கி வருகின்றார்கள்.

இச்சொல்லுக்கும் கொச்சிக்கும் மற்றோர் உறவும் உண்டு. 1663-ஆம் ஆண்டில் டச்சுக்காரர் போர்ச்சுகீசியரை வென்று கொச்சியைக் கைப்பற்றினர். சில ஆண்டுகள் கழித்து மலபாரில் டச்சுக் கம்பெனியின் தலைவராக வந்தவர் ஹெண்ட்ரிக் வான் ரீடு. போர்வீரராயினும் செடிகொடிகளின்பால் பெருவிருப்புடையவர். இந்நாட்டு மூலிகைகளையெல்லாம் படத்தோடும் விளக்கத்தோடும் தொகுக்க அவர் முனைந்ததன் பயனே ‘ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்’ என்னும் பெருநூல். 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. எழுநூற்றுக்கு மேற்பட்ட செடிகளை விவரித்தது. இறுதித் தொகுதிகள் வெளிவருமுன்னரே, 1691-இல், வான் ரீடு காலமானார்.

அந்நூலில் உள்ள அறிவு எவருடைய அறிவு? சேர்த்தலைப் பகுதியைச் சேர்ந்த இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியரும், ரங்கபட்டர், விநாயக பண்டிதர், அப்புபட்டர் என்னும் கொங்கணி அந்தணர் மூவரும் தாம் கண்டும் பயன்படுத்தியும் அறிந்ததைச் சொன்னார்கள். இதற்கு அவர்கள் 1675-இல் அளித்த சான்றுரைகள் நூலின் முதல் தொகுதியிலேயே அச்சாகியுள்ளன. இட்டி அச்சுதன் தம் சான்றுரையை மலையாளத்தில் அளித்தார். கொச்சியிலேயே பிறந்து வாழ்ந்த இம்மானுவேல் கர்னெய்ரோ என்னும் கம்பெனியின் மொழிபெயர்ப்பாளர் அதனைப் போர்ச்சுகீசிய மொழியில் பெயர்த்தார். பின்னர் அது லத்தீனுக்குச் சென்றது. நம் தொழிலுக்குக் கொச்சியில் முந்நூற்றைம்பது ஆண்டுப் பழமை உண்டு என்பதை இதனால் அறிகின்றோம்.

அம்மொழிபெயர்ப்பாளரும் அவர்தம் தோழர்களும் செய்த ஒரு செயல் எம்மை வியக்க வைக்கின்றது. செடியின் உள்ளூர்ப் பெயரை எடுத்துவிட்டு லத்தீன் பெயரை மட்டும் இட்டிருந்தால் ஐரோப்பியர்க்கு அது போதுமானதாகவே இருந்திருக்கும். அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. படங்களில் செடியின் பெயரை லத்தீன் எழுத்திலும், மலையாள எழுத்திலும், அரபி எழுத்திலும், நாகரி எழுத்திலும் பொறித்தனர். தலைப்பாக நின்றதும் பெரும்பாலும் மலையாளப் பெயரே. 1688-இல் வெளிவந்த ஏழாம் தொகுதியில் நம் செங்காந்தளும் இருக்கின்றது. அங்கே அதன் பெயர் ‘மெந்தோனி’. பின்னாளில் ஐரோப்பியத் தாவர நூல்கள் சிலவற்றில் ‘மெதோனிகா’ என்ற பெயரும் இச்செடிக்கு வழங்கியது. கபிலர் காலத்துத் தோன்றி அவ்வளவு தொலைவு பயணம் செய்திருக்கின்றது. வான் ரீடின் நூலைத் தாவரவியல் பேராசிரியர் கா. சு. மணிலால் பல பத்தாண்டுகள் உழைத்து மொழிபெயர்த்தார். அது 2003-இல் ஆங்கிலத்திலும் 2008-இல் மலையாளத்திலும் வெளிவந்தது.

ஆனால் உலகம் இன்று இச்செடியை மெந்தோனி என்று அழைப்பதில்லை. 1753-இல் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் இதற்குக் ‘குளோரியோசா சூப்பர்பா’ என்று பெயர் சூட்டினார். முதற்சொல் ‘புகழ் மிக்கது’ என்னும். இரண்டாம் சொல் ‘பெருமிதமுடையது’ என்னும். இரண்டும் புகழ்ச்சியே. செடி நஞ்சு என்ற செய்தி அப்பெயரில் இல்லை. அறிஞர் சூட்டிய பெயர் பூவைப் பார்த்துச் சூட்டியது. கண்வலிக் கிழங்கு என்பதோ பூவோடும் கிழங்கோடும் வாழ்ந்தவர்கள் சூட்டியது.

நஞ்சு எது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஐரோப்பாவில் ‘கோல்ச்சிக்கம்’ என்றொரு செடி உண்டு. அதிலிருந்து 1820-இல் பெல்லத்தியே, கவாந்து என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தனர். அதுவே கோல்ச்சிசின் எனப் பெயர் பெற்றது. அதே பொருள் நம் காந்தளிலும் இருப்பதை 1915-இல் ஆங்கில வேதியியலார் எடுத்துக் காட்டினர். கிழங்கிலும் விதையிலும் அது மிகுந்திருக்கின்றது. செடியின் எப்பகுதியும் அதற்கு விலக்கன்று.

உயிரணு ஒன்று இரண்டாகப் பிரியும்போது அதனுள்ளே மெல்லிய குழல் போன்ற இழைகள் தோன்றி, குரோமோசோம்களை இருபுறமும் பங்கிட்டு இழுக்கின்றன. கோல்ச்சிசின் அவ்விழைகளை உருவாகவொட்டாமல் தடுக்கின்றது. ஆகவே உயிரணு பிரிய முடியாமல் நின்றுவிடுகின்றது. 1937-இல் இப்பண்பைக் கொண்டே செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கும் வழியை அறிஞர் கண்டனர். நாம் கடையில் வாங்கும் விதையில்லாத் தர்ப்பூசணியின் பிறப்பிலும் கோல்ச்சிசினுக்குப் பங்குண்டு.

இதே பண்பு மருந்தாகவும் ஆகின்றது. யூரிக் அமிலம் படிகமாகி மூட்டில் தங்குவதால் நள்ளிரவில் கால் பெருவிரல் வீங்கித் துடிக்கும் ‘கௌட்’ என்னும் வாதநோய் உண்டு. வீங்கிய மூட்டை நோக்கி வெள்ளணுக்கள் திரண்டு செல்வதைக் கோல்ச்சிசின் தடுப்பதால் வீக்கமும் வலியும் தணிகின்றன. 2023-ஆம் ஆண்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, நாள்தோறும் அரை மில்லிகிராம் அளவில் இதனை மாரடைப்பைத் தடுக்கவும் தரலாம் என்று சிலவகை நோயாளர்க்கு ஒப்புதல் அளித்தது. தசைப்பிடிப்புக்கு மருத்துவர் எழுதித் தரும் தயோகோல்ச்சிகோசைடு என்னும் மருந்தும் இச்செடியின் விதையிலுள்ள பொருளிலிருந்தே செய்யப்படுகின்றது.

அரை மில்லிகிராம் என்பது எவ்வளவு? ஓர் அரிசி மணி ஏறக்குறைய இருபது மில்லிகிராம் இருக்கும். அதனை நாற்பது கூறாக்கினால் ஒரு கூறு. அவ்வளவே மருந்தின் அளவு. சிறுநீரகம் பழுதுற்றவர்க்கும், வேறு சில மருந்துகள் உண்போர்க்கும் அந்த அளவும் மிகையாகிவிடலாம். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பர். இது தொடக்கத்திலேயே நஞ்சு. அளவறிந்தவர் கையில் மட்டுமே மருந்தாவது. வள்ளிக்கிழங்கு என்று எண்ணி ஒரு துண்டைத் தின்பவர் எத்தனை மாத்திரைக்கு ஒப்பானதைத் தின்கின்றார் என்பதை எவர் அளந்து சொல்வார்?

தின்றால் நேர்வது என்ன என்பதையும் மறைக்காமல் சொல்வோம். உடலில் எந்த உயிரணுக்கள் ஓயாமல் பிரிந்து பெருகுகின்றனவோ அவற்றையே இந்நஞ்சு முதலில் தாக்கும். குடலின் உட்புறத் தோல் அத்தகையது. ஆகவே சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாகும். எலும்பு மச்சை அத்தகையது. ஆகவே இரத்த அணுக்கள் குறையும். மயிர்க்கால் அத்தகையது, உயிர் தப்பியவர்க்கும் ஒன்றிரண்டு வாரத்தில் தலைமயிர் கொட்டும். இடையே இதயமும் சிறுநீரகமும் செயலிழந்து இறந்தோர் பலர். முதற் சில மணி நேரம் எவ்விதத் துன்பமும் தோன்றாதிருப்பதே இதன் வஞ்சகம்.

ஆதலின், எவரேனும் தின்றுவிட்டார் என்று ஐயம் தோன்றினும், வாந்தி வருகின்றதா என்று பார்த்துக்கொண்டிருத்தல் ஆகாது. வீட்டு வைத்தியம் செய்தலும், வாயில் விரலிட்டு வாந்தி எடுப்பித்தலும் வேண்டா. உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. செடியையும் கிழங்கையும் ஒரு பையிலிட்டு உடன் எடுத்துச் செல்க. எளிதிற் கிடைக்கும் மாற்று மருந்து இந்நஞ்சுக்கு இல்லை. காலத்தே தொடங்கும் மருத்துவப் பேணலே உயிர் காக்கும்.

நம் முன்னோர் இதனை மருந்தாக வழங்கவில்லையா என்று கேட்பீர்கள். வழங்கினார்கள். வீக்கத்துக்கு மேற்பூச்சாகவும், பிள்ளைப்பேற்றின்போது புறத்தே அரைத்துப் பூசவும் பயன்படுத்தினார்கள். உள்ளுக்குக் கொடுக்குமுன், கிழங்கைக் கோமியத்தில் ஊறவைத்தல் முதலிய சுத்தி முறைகளை வகுத்தார்கள். ஆயுர்வேதம் இதனை உபவிடங்களில் ஒன்றாக எண்ணியது. இன்றைய மருந்துச் சட்ட விதிகளிலும் நச்சுப் பொருள்களின் பட்டியலில் லாங்கலி இடம்பெறுகின்றது. ஆகவே, பழைய வைத்தியரும் இன்றைய சட்டமும் ஒரே குரலில் சொல்வது, இது வீட்டில் கைம்மருந்தாகச் செய்துகொள்ளும் மூலிகையன்று என்பதே. ஏதோ ஒரு நூலிலோ கைப்பேசியிலோ கண்ட முறையைக் கொண்டு இதனை அரைத்துக் குடிப்பவர் முன்னோரைப் பின்பற்றுபவர் அல்லர். முன்னோரின் எச்சரிக்கையை மறந்தவரே ஆவார்.

ஒட்டன்சத்திரத்து மூதாட்டியார் இதனை எங்கே கற்றார் என்று பின்னர் விசாரித்தோம். திண்டுக்கல், திருப்பூர், அரியலூர் முதலிய மாவட்டங்களில் இது வேலிச்செடியாக மட்டுமின்றி விளைபயிராகவும் இருக்கின்றது. கம்பிப் பந்தல்களில் கொடியேற்றி, காலை வேளையில் ஒவ்வொரு பூவுக்கும் கையாலேயே மகரந்தம் சேர்த்து, விதையை முற்றவைத்து எடுக்கின்றனர். அவ்விதை மருந்துத் தொழிற்சாலைகளுக்காக அயல்நாடுகளுக்கும் செல்கின்றது. அவர் இளமையில் அத்தகைய தோட்டத்தில் கூலிக்குச் சென்றவர். கிழங்கை எடுத்த கையால் சோற்றைத் தொடக்கூடாதென்று அவருடைய தாயார் அடித்துச் சொல்லிக் கொடுத்தாராம். “எங்க ஆத்தா சொன்னது, நான் சொன்னேன், அவ்வளவுதான் தம்பி” என்றார்.

அவ்வளவுதான் என்று அவர் சொன்னதில் எம் கவலை முழுதும் அடங்கியிருக்கின்றது. ஊரைவிட்டு வெளியே வந்த நாம், பொங்கலையும் தீபாவளியையும் தவறாமல் உடன் கொண்டுவந்தோம். பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தும் கற்பிக்கின்றோம். ஆனால் வேலியில் நிற்கும் செடியைக் காட்டி, இதன் பெயர் இது, இதன் குணம் இது என்று சொல்பவர் எவர்? பள்ளியில் நம் பிள்ளைகள் மேந்தோன்னி என்று கற்பர். பாடப் புத்தகத்தில் குளோரியோசா என்று படிப்பர். வீட்டில் ஒருவேளை செங்காந்தள் என்றும் கேட்பர். இவை யாவும் அழகிய பெயர்கள். கண்வலிக் கிழங்கு என்ற பெயரைச் சொல்ல ஒரு பாட்டி பக்கத்து வீட்டில் இல்லாத தெருக்களும் உண்டு. பம்பாயிலோ தில்லியிலோ வாழும் நேயர்கட்குச் செடி வேறாகலாம்; அரளியாகலாம், ஊமத்தையாகலாம். ஆனால் நிலை ஒன்றே. பெயர் மாறும் இடத்தில் எச்சரிக்கை தவறிப்போகின்றது.

ஆகவே நேயர்கட்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஊரிலிருந்து பெற்றோரோ பாட்டனாரோ வரும்போது, அவர்களை வீட்டுக்கு அருகிலுள்ள வேலியோரமாக ஒருமுறை நடத்திச் செல்லுங்கள். எந்தச் செடியை எப்பெயரால் அழைத்தார்கள், எதனைத் தொடக்கூடாது என்றார்கள் என்று பிள்ளைகளைக் கேட்கச் செய்யுங்கள். அக்கம்பக்கத்தார் தம் மொழியில் அதனை எவ்வாறு அழைக்கின்றனர் என்பதையும் சேர்த்து ஓர் ஏட்டில் எழுதி வையுங்கள்.

பண்டகசாலை வேலியில் அக்கொடி இன்றும் இருக்கின்றது. பிடுங்கி எறிய வேண்டுமென்று சிலர் சொன்னார்கள். மூதாட்டியார்தாம் தடுத்தார், செடியின்மேல் என்ன குற்றம் என்று கேட்டார். இறுதியில் குழந்தைகளே ஓர் அட்டையில் எழுதிக் கம்பியில் கட்டினார்கள். எம் மகள் தமிழில் ‘கண்வலிக் கிழங்கு, நஞ்சு’ என்று எழுதினாள். எதிர்வீட்டு மலையாளிச் சிறுமி தன் எழுத்தில் ‘மேந்தோன்னி’ என்று எழுதினாள். கொங்கணிச் சிறுவன் நாகரியில் எழுத விரும்பித் தன் வீட்டுப் பெரியவரிடம் பெயர் கேட்டு வர ஓடினான். அவன் திரும்பி வருவதற்குள் மழை வந்துவிட்டது. அவனுக்கென ஓரிடம் அட்டையில் விடப்பட்டிருக்கின்றது.